அளவு எடுக்க வருகிறவர்களுக்கு

இந்த ஆண்டும் ஜூன் பிறந்ததும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒருத்தி ராசிபுரம், இருவர் இளம்பிள்ளை, ஒரு பையன் குமாரபாளையம். எல்லாரும் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் படம் போடக் கற்றுத் தருகிறார்கள். மீதி நேரத்தில் கத்தரி பிடிக்க என் கடைக்கு வருகிறார்கள். சேலம் அம்மாப்பேட்டையில் இந்தக் கடை வைத்து 38 வருஷம் ஆகிறது. அதற்கு முன் இது என் மாமனாரின் தறிக்கூடம். வெண்பட்டு நெய்த தறிக்குழியின் மேல் கடப்பைக்கல் பரப்பி, அதன் மேல்தான் மெஷின் போட்டேன். பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டிங் டேபிளுக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. டேப்பை எடுக்கும் முன் வாயை அடக்குங்கள்.

நம் கடைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. மாஸ்டர் அளந்து சத்தமாகச் சொல்வார், மூலையில் ஒருவர் நோட்டில் எழுதுவார். "மார்பு நாப்பது, இடுப்பு முப்பத்தெட்டு." கடையில் நிற்கும் நாலு பேர் காதிலும் அது விழும். நீங்களே அளந்து நீங்களே எழுதுங்கள். ஒரு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

டேப் உடம்பில் பட்டதும் பெண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவில் தைத்தால் பந்தியில் உட்கார்ந்ததும் கொக்கி தெறிக்கும். "மூச்ச விடுங்கம்மா, சாதாரணமா நில்லுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு மூச்சு போய் வரட்டும். நிற்க வைத்து ஒரு தடவை, உட்கார வைத்து ஒரு தடவை அளந்து, பெரியதை எழுதுங்கள்.

கடை ஆரம்பித்த காலத்தில் ஒரு டீச்சரம்மா என்னிடம் தைத்துக்கொண்டிருந்தார். பிரசவம் முடிந்து எட்டு மாதம் கழித்து வந்தவரைப் பார்த்ததும், "என்ன டீச்சர், இப்படிச் சதை போட்டுட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அக்கறையாகக் கேட்டதாகத்தான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அளவு கொடுத்தார். தைத்ததை வாங்க அவர் கணவர் வந்தார். டீச்சர் அதன் பிறகு என் கடைப்படி ஏறவே இல்லை. அந்தத் தெருவிலேயே வேறு கடைக்குப் போனார். உடம்பைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் அளவெடுக்க முடியும் என்று அவரிடம்தான் கற்றேன். "இளைச்சுட்டீங்களே" என்பதும் வேண்டாம். அவர் ஏன் இளைத்தார் என்று நமக்குத் தெரியாது.

2. 'ஸ்கின் கலர்' என்று கேட்டு லைனிங் வாங்காதீர்கள்.

எந்த ஜவுளிக்கடையிலும் போய் "ஸ்கின் கலர் லைனிங் ரெண்டு மீட்டர்" என்று கேட்டுப் பாருங்கள். வெளுத்த சந்தன நிறத்தில் ஒரு துணியைக் கிழித்துத் தருவார்கள். அந்தத் தோல் யாருடைய தோல்? எடுத்துத் தருகிற பெண்ணின் கையில் அந்த நிறம் கிடையாது, வாங்குகிற நம் கையிலும் கிடையாது. நெட் துணியில் கை வைத்துத் தைக்கும்போது உள்ளே அதைக் கொடுத்தால், மாநிறப் பெண்ணின் தோளில் வேறொருவரின் கையை ஒட்டிவைத்தது போல இருக்கும். உள்ளாடை, லெக்கிங்ஸ், முட்டிக்குப் போடும் பட்டி எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இது நம் ஊர்த் தப்பு மட்டுமல்ல. அமெரிக்காவில் க்ரேயோலா நிறுவனம் வெளிர் நிறக் க்ரேயான் ஒன்றுக்குச் 'சதை' என்றே பெயர் வைத்திருந்தது. 1962-இல்தான் அதை 'பீச்' என்று மாற்றினார்கள். பாலே ஆடும் கறுப்பினப் பெண்கள் ரோஸ் நிறக் காலணியின் மேல் தங்கள் தோல் நிறத்துக்கு முகப்பூச்சைப் பூசிக்கொண்டு ஆடிவந்தார்கள். லண்டனில் ஃப்ரீட் என்ற நிறுவனம் அவர்களுக்காகப் பழுப்பு நிறத்தில் ஷூ கொண்டுவந்தது 2018-இல். எத்தனை ஆட்டம், எத்தனை டப்பா முகப்பூச்சு!

என் கடையில் ஏழு நிறத்தில் லைனிங் வைத்திருக்கிறேன். பெயர்கள் நாங்களே வைத்தவை: கோதுமை, பனங்கற்கண்டு, புளி, பாக்கு, கருப்பட்டி, எள்ளு, நாவல். கடையில் கிடைக்காத நிறத்துக்கு வெள்ளைப் பருத்தித் துணியைச் சாயப்பட்டறையில் கொடுத்து முக்கி வாங்குவோம். அவசரமென்றால் திக்கான டீ டிகாக்ஷனில் ஊறவைத்தாலே பருத்தி ஓரளவு நிறம் பிடிக்கும். ஒரு நாள் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள், இல்லாவிட்டால் வேர்வையில் விடும். பாலியெஸ்டர் நெட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. நிறம் பொருத்துவதை டியூப் லைட்டுக்குக் கீழே செய்யாதீர்கள். வாடிக்கையாளரை வாசல்படிக்கு அழைத்துப் போய், பகல் வெளிச்சத்தில், முன்கையின் உள்பக்கத்தில் துணியை வைத்துப் பாருங்கள். முதல் தடவை புளி நிற லைனிங்கைத் தன் கையில் வைத்துப் பார்த்த ஒரு காலேஜ் பெண், "இப்படியும் ஒரு துணி இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருபது வயதில் அவளுக்கு அது முதல் தடவை.

3. 'இருந்தாலும்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

"கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறோம். அந்த 'இருந்தாலும்' நடுவில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறது என்று யோசியுங்கள். கருப்பைக் குற்றமாக்கிவிட்டு, பிறகு மன்னிக்கிறது. "குண்டா இருந்தாலும் இந்த டிசைன் உங்களுக்கு நல்லாருக்கு" என்பதும் அதே ரகம். "இந்த டிசைன் உங்களுக்கு நல்லா இருக்கு" என்பது முழு வாக்கியம். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நம் பக்கத்து ஊர்களில் கருப்பண்ணன், கருப்பாயி என்று பெயர் வைத்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கருப்பனாருக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறோம். பேரப்பிள்ளை கருப்பாகப் பிறந்தால் மட்டும் குங்குமப்பூவைக் குறை சொல்கிறோம். ஆடி மாதத்தில் குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள். நம் தெரு ஆட்களே சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் வருவார்கள். உடையும் நகையும் பிரமாதமாக இருக்கும். ஆனால் சின்ன வயதிலிருந்து நான் பார்த்த அம்மன் வேஷங்களில் முகம் எப்போதும் ரோஸ் பவுடரில் வெளுத்திருக்கும், மணிக்கட்டுக்குக் கீழே கை அதன் நிறத்தில் இருக்கும். 2017-இல் சென்னையில் நரேஷ் நில் என்ற புகைப்படக்காரரும் பரத்வாஜ் சுந்தரும் சேர்ந்து 'டார்க் இஸ் டிவைன்' என்று ஒரு வரிசைப் படம் எடுத்தார்கள். லட்சுமி, துர்க்கை, முருகன் எல்லாரும் கருத்த மேனியில். என் மருமகள் போனில் காட்டினாள். லட்சுமி படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிறத்தின் மேல் பட்டும் பொன்னும் எப்படி உட்கார்ந்திருந்தன என்பதைத் தையல்காரியின் கண்ணால்தான் பார்த்தேன். அடுத்த ஆடிக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு உங்களில் யாராவது துணி தைத்தால், முகத்துக்கு என்ன நிறம் பூசப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

சென்னையிலிருந்தே கவிதா இம்மானுவேல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தை 2009-இல் ஆரம்பித்தார். 1975-இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு 2020-இல் பெயரைக் க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. நம் ஊரில் ஜாதகம் வாங்க வருகிற தரகர் மட்டும் "பொண்ணு என்ன கலருங்க?" என்றுதான் இன்னும் பேச்சை ஆரம்பிக்கிறார்.

4. துணியை மேஜையில் பார்க்காதீர்கள், தோளில் பாருங்கள்.

"உங்க கலருக்கு இது எடுக்காதுங்க." சேலை விற்கிற இடத்தில் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கருத்த பெண் வந்தால் அலமாரியிலிருந்து வெளிர் நிறம் எடுத்துப் போடுவார்கள். முந்தைய தலைமுறையில் என்றால் மங்கலான நிறம். இரண்டுமே பயத்தில் எடுத்துப் போடுவது. வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு இவையெல்லாம் கருத்த தோளில் விழும்போது நிறம் கூடித் தெரிகின்றன. அதே வாடாமல்லி வெளுத்த தோளில் சற்றுக் கத்தும். என் அனுபவத்தில் கருத்த தோளுக்கு ஆகாத நிறம் என்று ஒன்று கிடையாது. சாம்பல் ஏறிய, சாயம் சரியாகப் பிடிக்காத துணி உண்டு. அது யார் தோளிலும் நன்றாக இருக்காது.

பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த பட்டை எடுத்துப் பாருங்கள். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் மயில் கழுத்து. நடக்க நடக்க மடிப்பில் நிறம் மாறும். கருத்த மேனிக்குப் பக்கத்தில் அந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். நம் சேலம் வெண்பட்டு வேட்டியை வெயிலில் கறுத்த மாப்பிள்ளையின் இடுப்பில் பாருங்கள். அந்தத் தந்த வெள்ளையும் ஜரிகைக் கரையும் அங்கேதான் பேசும். என் மாமனார் நெய்து முடித்த வேட்டியை முதலில் தன் கருத்த தோளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். சேலத்து வெள்ளிக் கொலுசும் அப்படித்தான். மாநிறக் காலில் அது கிடக்கிற அழகை நகைக்கடை விளம்பரம் எதிலும் நான் பார்த்ததில்லை.

5. அளவு அட்டையை நம்பி வெட்டாதீர்கள்.

எஸ், எம், எல், எக்ஸ்எல் என்கிற எழுத்துகள் நம் உடம்பைப் பார்த்துப் பிறந்தவை அல்ல. வெளிநாட்டு அட்டவணைகளை எடுத்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் ரெடிமேட் வெட்டிவந்தார்கள். இதை உணர்ந்துதான் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியாசைஸ்' என்ற வேலையைக் கையில் எடுத்தது. ஆறு நகரங்களில், 15 வயது முதல் 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேனரில் நிற்க வைத்து அளவெடுக்கும் திட்டம். நல்ல காரியம். ஆனாலும் பெருநகரத்தில் ஸ்கேனரில் நிற்கிற உடம்பும் பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்கிற உடம்பும் ஒன்றல்ல.

கைத்தறியில் நாடாக் கயிறு இழுத்தவருக்கு வலது கை தடித்திருக்கும், தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். இரண்டு கையையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக வெட்டுங்கள். காட்டு வேலை செய்கிற பெண்ணின் மேல்கை உறுதியாக இருக்கும். "கை பிடிக்குது" என்று அவர் சொன்னால் புதியவர்கள் உடனே கைக்குழியை இறக்கிவிடுகிறார்கள். இறக்கினால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறும். குழியை உடம்போடு ஒட்டி வைத்து, கைத்துணியின் அகலத்தைக் கூட்டுங்கள். களை பறிக்கிறவரும் கரும்பலகையில் எழுதுகிறவரும் கையைத் தூக்கியாக வேண்டும்.

பால் கொடுக்கிற தாய்க்குக் கொக்கி முன்பக்கம்தான், ஃபேஷன் பின்பக்கம் போனாலும். சிசேரியன் ஆனவருக்குப் பாவாடை நாடா தழும்பின் மேல் படக் கூடாது. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்து, உயரத்தை அவரிடமே கேட்டு மாற்றுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். துணியைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நிற்பார்கள். உள்ளே மெத்தென்ற பருத்தியில் ஒரு பை வைத்துத் தருவேன் என்று நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். விருப்பமிருந்தால் அதில் பேட் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அப்படியே போட்டுக்கொள்ளலாம். சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு அவருடையது.

எல்லாருக்கும் பக்கவாட்டில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். உடம்பு கூடும், குறையும். பிரித்து விடவோ பிடித்துத் தைக்கவோ இடமிருந்தால் பழைய ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தன்னைத் திட்டிக்கொள்ளும் வேலை அவர்களுக்கு இல்லை.

6. "உங்க உடம்பு அப்படி" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்.

சரியாக உட்காரவில்லை என்றால் வெட்டு தப்பு. பிரித்துத் தையுங்கள். காசு வாங்காதீர்கள்.

7. திருச்செங்கோட்டு மலையில் ஒரு தடவை ஏறுங்கள்.

மலைமேல் அர்த்தநாரீஸ்வரர். ஒரு பாதிக்கு வேட்டி, ஒரு பாதிக்குச் சேலை. ஒரே உடம்பில் இரண்டு உடையையும் எப்படிச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று டிசைன் படிக்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டும். ஆண் உடை, பெண் உடை என்று கடையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கும்பிடுகிற இடத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கிறது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருநங்கைகள் தைக்க வந்தால் அளவெடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பும் கடைகள் இருக்கின்றன. அளவு ஜாக்கெட் கொண்டுவரச் சொல்வார்கள். முதல் ஜாக்கெட் தைக்கிறவருக்கு அளவு ஜாக்கெட் எங்கிருந்து வரும்? நாட்டின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டரான பிரித்திகா யாஷினி நம் சேலத்துப் பெண். வழக்காடி அந்த வேலையை வாங்கி, 2017-இல் பணியில் சேர்ந்தார். அந்தக் காக்கிச் சட்டையையும் யாரோ ஒரு தையல்காரர் அளவெடுத்துத்தான் தைத்திருப்பார். தோள் அகலமாக இருக்கும், மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள கணக்கு வேறாக இருக்கும். டாட் பிடிக்கிற இடம் மாறும். அவ்வளவுதான் வித்தியாசம். "அக்கா" என்று கூப்பிட்டு, மற்றவர்களை அளக்கும் அதே இடத்தில் நிற்க வைத்து அளவெடுங்கள்.

8. நம் உடை எப்படி நமக்கு வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோள்சீலைப் போராட்டம் பற்றிப் படியுங்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26-இல் அனுமதி அறிவிப்பு வந்தபோதுகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒரு ஜாக்கெட்டின் கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதை அதைப் போடுகிறவள் மட்டும் முடிவு செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம். மாமியாரும் மாப்பிள்ளையும் கடைக்கு வந்து கழுத்தைப் பற்றிப் பேசினால், "பொண்ணு சொல்லட்டுங்க" என்பேன்.

வேட்டிக்கும் ஒரு வழக்கு உண்டு. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டசபையில் அதற்கெதிராகச் சட்டம் போட்டார்கள். வேட்டி நெய்கிற ஊரில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

குமாரபாளையம் பையனுக்கு ஒன்று. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பவானி. அங்கே நெய்கிற ஜமக்காளத்தை ஃபேஷன் டிசைனர் வினோ சுப்ரஜா 2025-இல் லண்டன் ஃபேஷன் வீக்குக்குக் கொண்டுபோனார். மேடையில் அவரோடு நடந்து வந்தவர் பவானியில் தறி நெய்கிற, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். நம்மவர்களின் முகமும் நிறமும் நடையும் அந்த மேடையில் ஏறியது எனக்குப் பெரிய சந்தோஷம். நீ படிக்கிற மூன்று வருஷத்தில் அந்தப் பாலத்தை எத்தனை தடவை தாண்டினாய் என்று கடைசியில் கேட்பேன். தறிக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார். பாவு ஓட்டுவதையும் இழை அறுந்தால் முடிவதையும் பார். நீ போடுகிற கோடு அங்கே எத்தனை நாள் வேலையாகிறது என்று தெரிந்த பிறகு டிசைன் போடு. பிறகு உன் துணியில் உன் பெயர் போடும்போது நெய்தவர் பெயரையும் போடு.

9. போட்டோவில் வெளுக்க வைக்காதீர்கள்.

நீங்கள் தைத்ததை இன்ஸ்டாகிராமில் போடுவீர்கள், போடுங்கள். ஃபில்டர் வேண்டாம். முகத்தை வெளுப்பாக்கும் அதே வெளிச்சம் வெண்பட்டின் ஜரிகையையும் அழித்துவிடும். மாநிறப் பெண்ணைக் காலை ஏழு மணி வெயிலில், அல்லது வடக்கு ஜன்னல் பக்கம் நிற்க வைத்து எடுங்கள். தோலும் துணியும் உள்ளபடி விழும். மாடலுக்கு ஊர் ஊராகத் தேட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, தறிக்குப் போகும் சித்தி, பஸ் நிறுத்தத்தில் உங்களோடு நிற்கிற பெண் என்று இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேளுங்கள், படத்தை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள், சரி என்றால் மட்டும் போடுங்கள். முடிந்தால் கூலியும் கொடுங்கள்.

கடை வாசலில் நிற்கிற பொம்மைகளும் அப்படித்தான். பால் வெள்ளை, கூர் மூக்கு, 24 அங்குல இடுப்பு. என் கடையில் இருந்ததை நான் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெயிண்டரிடம் கொடுத்துப் பாக்கு நிறம் அடித்து, இடுப்பில் பஞ்சு சுற்றித் துணி போர்த்திவிட்டேன். அந்த வாரம் ஒரு அம்மா உள்ளே வந்து, வாசலில் நிற்கிறதே, அதே ஜாக்கெட் எனக்கும் வேண்டும் என்று கேட்டார். அதுவரை பொம்மையில் இருந்ததைக் காட்டி யாரும் அப்படிக் கேட்டதில்லை.

10. முதலில் உங்கள் வீட்டிலிருந்து தையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் வாருங்கள். டேப், சாக்பீஸ், உங்கள் அம்மாவின் அளவு ஜாக்கெட் ஒன்று, அவர் ஆசைப்பட்டு எடுத்து "எனக்கு இது எடுக்காது" என்று பீரோவில் வைத்திருக்கும் சேலை ஒன்று. முடிந்தால் அம்மாவையும் அழைத்து வாருங்கள். லைனிங் நான் தருகிறேன். வாசல் வெளிச்சம் பதினோரு மணி வரைக்கும் நன்றாக இருக்கும்.